துவக்கைத் தோளோடு இறுக்கிப் பிடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உன்னுடைய சுகத்துக்கும் மருமகள், பேத்தி சுகத்துக்கும் வற்றாப்பளை அம்மாளை வேண்டிக்கொள்கிறேன். ரெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ரெலிபோனில் நீ எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா, சரி அம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரைக்கும் வாசிக்கத்தானே வேண்டும்.

கார்த்திகை பிறந்ததிலிருந்து உன் முகத்தைக் காணவில்லை. கமரா பழுது என்கிறாய். அதே ரெலிபோனில்தான் மருமகள் போன கிழமை பேத்தி ஆடியதைப் படம் பிடித்து அனுப்பினாள், வடிவாகத் தெரிந்தது. சரி, அதை விடு.

இங்கே நல்ல மழை. தண்ணிமுறிப்புக் குளம் நிரம்பிவிட்டது. காலபோக நெல் பச்சையாய் நிற்கிறது. பின் வரம்பைப் பன்றி கிண்டிவிட்டது. அப்பா இரவிலே தகரம் தட்டிக்கொண்டு காவல் இருக்கிறார். அவருக்கு இரவில் ஒரு பக்கம் சுத்தமாய்த் தெரியாது, வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன்.

வேட்டைக்குப் போக முதல் நீ அனுப்பிய படத்தைத்தான் தினமும் பார்க்கிறேன். ஓரேஞ்சுச் சட்டையும் ஓரேஞ்சுத் தொப்பியுமாய், கூட வேலை செய்கிற வெள்ளைக்காரப் பெடியங்களோடு நிற்கிறாய். ஒன்ராறியோவில் துவக்கோடு மான் வேட்டைக்குப் போகிறவன் அந்த நிறத்தில் 2,580 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாமல் உடம்பில் காட்ட வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில் இருக்க வேண்டும் என்று நீ சொன்னாய். மானுக்கு அந்த நிறம் எடுபடாது, மனிசனுக்குத்தான் கண்ணில் அடிக்கும் என்றும் சொன்னாய். அதை நான் கோயிலடியில் எல்லோருக்கும் சொன்னேன். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, சட்டப்படி வேட்டைக்குப் போகிற பிள்ளை எங்கள் குடும்பத்தில் நீதான். சூரியன் எழும்ப அரை மணித்தியாலத்துக்கு முதல் தொடங்கினால், விழுந்து அரை மணித்தியாலத்தில் முடித்துவிட வேண்டுமாம். இரவிலே வேட்டை இல்லை என்று கேட்டபோது எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அந்தப் படத்தில் துவக்கின் மேலே பூட்டியிருக்கிற, குறி பார்க்கிற ஸ்கோப் குழாய் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் காட்டினேன். இடது கண்ணுக்குக் கிட்ட வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "குழாய் நல்லாப் பின்னுக்கு நிக்குது. இவன் கழுத்தை நீட்டிப் பிடிக்கிறான்" என்று சொன்னார். பிறகு எழும்பி வயலுக்குப் போய்விட்டார். ஆகவே கேள். துவக்கைத் தோளோடு இறுக்கிப் பிடி. கண்ணுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரலுக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். மேட்டைப் பார்த்துச் சுடும்போது தலை தானாகவே கிட்டப் போகும், அந்த நேரம் இன்னும் கவனம் வேண்டும்.

அம்மாவுக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்காதே. என் அப்புவின் இடியன் துவக்குக்குத் தும்பு உருட்டிக் கொடுத்தது நான்தான். வெடிமருந்துக்கு மேலே தும்பை வைத்து இடிகம்பியால் இடிப்பார், பிறகு சன்னம், பிறகும் தும்பு. என் விரல் சின்னது, உருண்டை இறுக்கமாய் வரும் என்று என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த இடிகம்பிக் கதை உனக்குத் தெரியும், என்றாலும் சொல்கிறேன். அப்பு ஒருநாள் மோட்டைக் கரையில் பன்றிக்குக் காத்திருந்து, கருக்கலில் அவசரமாய் மருந்து இடித்தார். இடித்தவர் கம்பியைக் குழலுக்குள்ளேயே விட்டுவிட்டு வெடி வைத்துவிட்டார். பன்றி ஒரு பக்கம் ஓட, அப்பு மறுபக்கம் சேற்றில் மல்லாந்து கிடந்தார். கம்பியைக் காணவில்லை. விடிந்த பிறகு பார்த்தால், எதிரே நின்ற மருதமரத்தின் உச்சிக் கவட்டில் போய்க் குத்தி நிற்கிறது. ஏறி எடுக்க ஒருவராலும் முடியவில்லை. புதுக் கம்பி அடிக்கக் கொல்லனிடம் போனபோது, அவன் கேட்க முதலே அப்பு முழுக் கதையையும் சொன்னார். அன்று பின்னேரம் எங்கள் முற்றத்தில் அரைவாசி ஊர் இருந்தது. அவரே எழும்பி நின்று, தான் விழுந்த மாதிரி விழுந்தும் காட்டினார். 1964 மார்கழிப் புயலில் அந்த மருது சாய்ந்தபோது முதல் ஆளாய் ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அது கன காலம் எங்கள் அடுப்படியில் நெருப்புக் கிளறக் கிடந்தது.

அன்றைக்குப் பிறகு எங்கள் வளவில் ஒரு பழக்கம் வந்தது. யார் இடித்தாலும், முடிந்ததும் கம்பியை மண்ணில் குத்திவிட்டு "கம்பி வெளியிலை" என்று சத்தமாய்ச் சொல்ல வேண்டும். அப்பு தன் வெட்கத்தை மறைத்திருந்தால் அந்தப் பழக்கம் வந்திருக்காது, அடுத்த கம்பி யாருடைய நெஞ்சில் நின்றிருக்குமோ.

சின்ன மாமாவும் அப்படித்தான். பாலைப்பழக் காலத்தில் பழத்துக்கு ஏறியவர், மேலே கரடி முதலே இருக்கிறதைப் பார்க்கவில்லை. அவர் குதிக்க, சாரம் கிளையில் தங்கிவிட்டது. சாக்கைச் சுற்றிக்கொண்டு குமுழமுனை றோட்டால் வந்தவர், வழியில் கண்ட ஆளுக்கெல்லாம் நின்று கதை சொல்லிக்கொண்டே வந்தாராம்.

பெரிய மாமாதான் வேறு மாதிரி. அவருடைய றலி சைக்கிள் கதையை உன் கலியாணத்தில் எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள், ஆனால் முழுதாய் ஒருவரும் சொல்லவில்லை. மாமா சைக்கிளை ஒரு வீரை மரத்தில் சாய்த்துவிட்டு, தலையில் லைற்றைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார். இரவுக் காடு, திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். ஒரு பற்றைக்குப் பின்னாலே சிவப்பாய் ஒரு கண் மின்னியது. ஆள் தவழ்ந்து போனார். கண் அசையவில்லை. நல்ல பெரிய மிருகம், பயமில்லாமல் நிற்கிறது என்று நினைத்து, மூச்சை அடக்கி வெடி வைத்தார். "டிங்" என்று ஒரு சத்தம், பிறகு "ஸ்ஸ்" என்று காற்றுப் போகிற சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தால் அவருடைய சைக்கிள். மட்காட்டில் இருந்த சிவப்புக் கண்ணாடிதான் அந்தக் கண்.

விடியக் காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மாமி கேட்டதற்கு, முள் ஏறிவிட்டது என்றார். சரி என்று விட்டிருப்பார்கள். மாமாவின் கெட்ட காலம், சீற்றில் ஓட்டை இருக்கிறது என்று மாமி தைக்கக் கழற்றினாள். அதற்குள்ளிருந்து சன்னம் பொலபொலவென்று சுளகில் கொட்டியது. அப்பு ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். ஊர் சிரித்தது, மாமா இரண்டு கிழமை கடைப் பக்கம் போகவில்லை. அப்பு மட்டும் சிரிக்கவில்லை. "அந்தச் சைக்கிளிலை ஒரு மனிசன் குந்திக்கொண்டு இருந்திருந்தால்?" என்று கேட்டார். ஒற்றைக் கண்ணுக்கு வெடி இல்லை, உடம்பு முழுக்கத் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்றும் தெரிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் சொன்னார். உன் வகுப்பிலும் இதையே முதல் பாடமாய்ச் சொன்னார்கள் என்று நீ சொன்னபோது, அப்பு இல்லையே என்று அழுகை வந்தது.

நீயும் முந்தி அப்புவைப் போலத்தான் இருந்தாய். முதல் வருஷம் மான் முன்னால் வந்து நிற்க, பூட்டை விடுவிக்க மறந்து வெறும் விசையை இழுத்துக்கொண்டு நின்றதை அன்றிரவே எடுத்துச் சொன்னாய். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மான் ஓடினதைக் கையால் காட்டினாய். அப்பா இருமி இருமிச் சிரித்தார். நல்ல பிள்ளை, எதையும் மறைக்காது என்று நினைத்தேன். இப்போது மூன்று கிழமையாய் வேட்டை எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை அம்மா" என்கிறாய். பரவாயில்லை என்று ஒரு வேட்டைக் கதை இருக்குமா தம்பி?

அப்பாவின் வலது கண்ணைப் பற்றி உனக்கு நான் புதிதாய்ச் சொல்ல ஒன்றும் இல்லை. இடியனுக்கு வைக்கிற வெடிக் கேப் கண்ணில் தெறித்த அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் வவுனியாவுக்காவது கொண்டு ஓடியிருப்போம். அப்பு ஏசுவார் என்று, மருந்து கூடிவிட்டது என்பது தெரிந்துவிடும் என்று, பூச்சி அடித்தது என்று சொல்லித் துவாயால் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குள்ளேயே திரிந்தார். பிறகு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அந்த மனிசனுக்கு அப்போது உன் வயதுதான்.

பேத்தியை ஏசாதே. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. நீ குளிக்கப் போயிருந்த நேரம், "அப்பம்மா, அப்பாவின்ரை நெத்தியிலை நிலா வந்திருக்கு" என்று சந்தோசமாய்ச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். தன் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். மருமகளிடம் கேட்டேன், அலுமாரிக் கதவு இடித்ததாம். அவளுக்கும் நீ அப்படித்தான் சொல்லியிருக்கிறாய் போல. தம்பி, அலுமாரிக் கதவு பிறை மாதிரி வளைத்து வெட்டாது. வட்டமான விளிம்புதான் அப்படி வெட்டும்.

தையல் போட்டார்களா? எத்தனை? புருவம்தானே என்று விடாதே. துவக்கு உதைக்க ஸ்கோப் எலும்பில் பட்டால் உள்ளுக்குக் கண்ணும் அதிரும். இங்கே கண் டொக்ரர் அப்பாவுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கண்ணுக்குள் மின்னல் வெட்டுகிற மாதிரி இருந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் ஓடினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி தெரிந்தாலோ ஒருநாளும் பொறுக்கக்கூடாது, அந்த நேரமே ஓட வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் கண் டொக்ரரிடம் போய்க் காட்டு. வேலை என்று சொல்லாதே. காட்டு. மருமகளிடமும் உண்மையைச் சொல், அவள் ஏசினால் கேட்டுக்கொண்டிரு.

இனி வேட்டைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை, அப்புவின் இரத்தம். அந்த ஸ்கோப்பை முன்னுக்குத் தள்ளிப் பூட்டச் சொல். துவக்கைத் தோளோடு இறுக்கிப் பிடி. நாலு விரல் இடைவெளியை மறக்காதே. கூட வருகிற பெடியங்களுக்கும் என்ன நடந்தது என்று சொல், அவர்களுக்கும் நெற்றி இருக்கிறது. சிரித்தால் சிரிக்கட்டும்.

இறால் கருவாடும் ஒடியல் மாவும் தையில் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். டொக்ரர் என்ன சொன்னார் என்று உடனே அறிவி. அப்பா உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்: மான் விழுந்ததா, இல்லையா?

அன்புடன்,
அம்மா