தானாக முளைத்த தோட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தோட்டத்தில் என்ன வைத்திருக்கிறாய் என்று போனில் கேட்டாயே, அதைப் பேச்சில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் வைத்தது கொஞ்சம்தான் அம்மா. பாதிக்கு மேல் தானாக முளைத்தவை. இங்கிலாந்தின் இந்த சாமர்செட் கிராமங்களில் இதை காட்டேஜ் கார்டன் என்கிறார்கள். வரிசை, இடைவெளி என்று எதுவும் கிடையாது. செடி விதையை உதிர்க்கும், அது விழுந்த இடத்தில் முளைக்கும். எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்பது மட்டும்தான் நம் கையில். 1950களில் மார்ஜரி ஃபிஷ் என்ற அம்மாள் இதைப் பற்றி எழுதி எழுதியே பலரை இந்தப் பக்கம் இழுத்திருக்கிறார். அவர் தோட்டமும் இதே மாவட்டத்தில்தான், ஈஸ்ட் லாம்ப்ரூக்கில்.

வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. முதல் ஏப்ரலில் பச்சையாகத் தெரிந்ததையெல்லாம் களை என்று கொத்திக் குவித்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலியோரம் வந்து, குவியலிலிருந்து சொரசொரப்பான இலைக்கொத்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பாக்ஸ்குளோவ். இந்த வருஷம் பூத்திருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அந்தச் செடி முதல் வருஷம் தரையோடு இலை மட்டும் விடும்; மறு வருஷம்தான் ஆளுயரத்துக்குத் தண்டு எழும்பி, மணி மணியாகப் பூத்து, விதையைக் கொட்டிவிட்டுப் பட்டுப்போகும். ஒரு வருஷம் காத்திருந்த செடியை நான் ஒரு நிமிஷத்தில் பிடுங்கியிருக்கிறேன்.

பாட்டிதான் வழியும் சொன்னார். ஒவ்வொரு விதையிலும் நாலைந்தை எடுத்துச் சின்னத் தொட்டியில் பெயர் எழுதிப் போடு, நாற்று முகத்தைப் பழகு என்றார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இப்போது இரண்டு இலை விட்டாலே இன்னாரென்று தெரிகிறது.

அதில் ஒன்றை நீ பார்க்க வேண்டும். நைஜெல்லா என்று பெயர், நம் கருஞ்சீரகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. நீலப் பூவைச் சுற்றி நூல் நூலாகப் பச்சை வலை. இதழ் உதிர்ந்ததும் காய் உப்பிக்கொண்டு வரும். காய்ந்த பிறகு ஆட்டினால் உள்ளே கறுப்பு விதை கலகலவென்று சத்தம் போடும். பாப்பி, நம் கசகசாச் செடியின் இனம், வேறு மாதிரி. அதன் காய்க்கு மூடி உண்டு, மூடிக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். காற்றடிக்கும்போது தண்டு சாய்ந்து சாய்ந்து, மிளகுத்தூள் தூவுவதுபோல் விதையைத் தூவுகிறது. நம் காசித்தும்பை தொட்டால் வெடிக்குமே, அது அவசரக்காரி. இவள் நிதானம்.

அப்பா எரு போடச் சொன்னார். போடவில்லை என்று சொல்லிவிடு. மண் கொழுத்தால் இலைதான் தழைக்கும், பூ குறையும். மட்கு போட்டுத் தரையை மூடவும் கூடாது. பாப்பி, பாக்ஸ்குளோவ் விதைகளெல்லாம் தூசி மாதிரி, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பாப்பி நாற்றைப் பெயர்த்து நட்டாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை, ஆணிவேர். அது நின்ற இடத்தில் நாம்தான் வழிவிட வேண்டும்.

குழந்தையை நினைத்துப் பயப்படாதே. பாக்ஸ்குளோவ் முழுவதும் விஷம் என்பது தெரியும். அதை வைத்தே உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு வைத்தியம் செய்ததை வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் 1785லேயே எழுதியிருக்கிறார். இருந்தாலும் இவன் ஓடியாடும் பக்கம் முளைத்தால் கையுறை போட்டு உடனே எடுத்துவிடுகிறேன். அதில் மட்டும் தாட்சண்யம் இல்லை.

விதை அனுப்ப ஆசைதான், அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது. படம் எடுத்து அனுப்புகிறேன். வாசல்படிக் கல்லிடுக்கில் ஒரு பாப்பி முளைத்து மொட்டு விட்டிருக்கிறது. தபால்காரர்கூட அதைத் தாண்டித்தான் கால் வைக்கிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பூத்திருக்கும்.

அன்புடன்,
உன் மகள்