குமுளியோடு நின்றுபோகும் உதவித்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு என்னென்ன செய்யப்போகிறது என்று உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது, நானும் விடாமல் படிக்கிறேன். ஆனால் எங்களைப் போல எல்லையில் கிடப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கூடலூர்க்காரன், தேனி மாவட்டம். தோட்ட ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாக மலையேறி ஏலத்தோட்டத்தில் விட்டுவிட்டு, சாயந்தரம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவேன். எங்கள் அக்காவை கேரளாவில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்தோம், வேலையாட்களுக்கு எஸ்டேட் கொடுக்கிற லயத்து வீடு. அவளுக்கு ஒரே மகன். அவனுக்கு அறிவுசார் குறைபாடு, இடது காலும் கொஞ்சம் இழுக்கும். இப்போது 21 வயது.

கேரளாவில் அவனுக்குக் கிடைத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே உள்ளாட்சியும், குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவி அமைப்பும் சேர்ந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக நடத்துகிற பட்ஸ் பள்ளிகள் இருக்கின்றன. 18 வயதோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல், அதற்கு மேற்பட்டவர்களுக்கும் பட்ஸ் மறுவாழ்வு மையம் என்று வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இலவசக் கல்வி 6 முதல் 18 வயது வரைதான், அப்புறம் என்ன செய்வது என்பதுதான் இப்படிப் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற பெரிய கேள்வி. அவன் அங்கே காகித உறை ஒட்டக் கற்றுக்கொண்டான். ஓரத்தை விரலால் இரண்டு தடவை நீவிவிட்டுத்தான் அடுத்த உறையை எடுப்பான், அவசரப்படுத்தினால் எடுக்க மாட்டான். ஏழரை மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் வண்டிக்கு நிற்பான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மச்சான் நெஞ்சுவலியில் போய்விட்டார். எஸ்டேட்டில் வேலைக்கு ஆள் இருந்தால்தான் லயத்தில் வீடு. அக்காவுக்கும் முட்டி தேய்ந்துபோய் கொழுந்து எடுக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு பார்த்து கீழே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அக்காவைத் தம்பி கூட்டி வருவதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

வரும்போது அக்கா அங்கே நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்தாள், ஊரைவிட்டுப் போகிறோம், ரேஷன் அட்டையில் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அப்படி எடுத்த சான்று இருந்தால்தானே இங்கே புது அட்டை கேட்க முடியும். அந்த மாதத்தோடு பையனுக்கு அங்கே வந்துகொண்டிருந்த 1,600 ரூபாய் பென்ஷன் நின்றது. அது நிற்கும் என்று தெரிந்ததுதான். இங்கே தொடங்க எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

11 மாதம் ஆனது ஐயா.

முதலில் ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கத் தயங்கினார். அப்புறம் ஸ்மார்ட் கார்டு, அதாவது இங்கத்திய ரேஷன் அட்டை, அது வர நான்கு மாதம். அப்புறம் வங்கிக் கணக்கு, பையன் பெயரில் இருந்த கணக்கு அங்கத்திய கிளையில். இ-சேவை மையத்தில் ஒரு நாள், வி.ஏ.ஓ.விடம் இரண்டு நாள் என்று நான் ஜீப் எடுக்காமல் நின்ற நாட்களைக் கணக்குப் பார்த்தால் ஒரு மாத வருமானம் போயிருக்கும். இதெல்லாம்கூடப் போகட்டும், யாருக்குத்தான் இந்த அலைச்சல் இல்லை. மனசு விட்டுப்போனது அதற்கப்புறம் நடந்ததில்.

பையனிடம் தேசிய அடையாள அட்டை இருக்கிறது, மத்திய அரசின் யூ.டி.ஐ.டி. அட்டை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 58ஆம் பிரிவில், இந்தச் சான்று நாடு முழுக்கச் செல்லும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நான் பத்தாவதுதான் படித்தவன், இந்த அலைச்சலில்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். ஆனால் நாங்கள் போன அலுவலகத்தில், இது வேறு மாநிலத்து டாக்டர் போட்ட குறைபாட்டுச் சதவீதம், இங்கே ஒரு தடவை பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். நாங்களும் சரி என்று ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

மேஜையில் படம் போட்ட அட்டைகளை வரிசையாக வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டார்கள். பூனைப் படத்தைக் காட்டினதும் அவன் "பூச்ச" என்றான். நாய்க்கு "பட்டி" என்றான். ஒரு டம்ளரில் தண்ணீர், அதற்கு "வெள்ளம்" என்று கையைத் தூக்கிச் சந்தோஷமாகச் சொன்னான், அவனுக்கு அந்த அட்டை விளையாட்டு பிடிக்கும். கேட்டவர் முகத்தில் ஒன்றும் இல்லை, தாளில் எதையோ எழுதிக்கொண்டே போனார். அக்காதான் பொறுக்க முடியாமல், "சார், அவன் சரியாத்தான் சொல்றான், மலையாளத்துல சொல்றான்" என்றாள். "நீங்க பேசாதீங்கம்மா, வெளிய இருங்க" என்று பதில் வந்தது.

வீட்டில் அவன் பேசுவது தமிழ்தான். பசித்தால் சோறு, தாகம் எடுத்தால் தண்ணி, என்னைக் கண்டால் மாமா. ஆனால் படத்தைக் காட்டிப் பெயர் கேட்ட ஒரே இடம் அவனுக்கு அந்தப் பள்ளிக்கூடம், அங்கே சொல்லிக்கொடுத்தது மலையாளம். படம் என்றால் அவனுக்கு மலையாளம்தான் வரும். மூன்று வருடம் ஒரு டீச்சர் பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அத்தனை வார்த்தையும் அன்றைக்கு அந்த மேஜையில் தவறான பதில் ஆகிவிட்டது. பேச்சில் சந்தேகம் இருக்கிறது, வேறு இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் இன்னும் இரண்டு மாதம் போனது.

எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். கடைசியாகப் போன அலுவலகம் மாடியில், கைப்பிடி இல்லாத படிக்கட்டு. பையன் நான்கு படி ஏறிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மேலே இருந்த ஒரு அம்மா தாளையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கிவந்து, அவன் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து, "தம்பி, கட்டை விரலைக் குடு" என்று கேட்டு வேலையை முடித்துக்கொடுத்தார். அவருக்கு எங்கள் குடும்பமே நன்றி சொல்கிறது. ஆனால் ஒரு நல்ல மனுஷி இறங்கிவந்தால்தான் வேலை நடக்கும் என்று ஒரு அலுவலகம் இருக்கலாமா? ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த 5 வருடத்துக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் ராஜீவ் ரத்தூரி வழக்கில், இந்த வசதியெல்லாம் கட்டாயம், வெறும் வழிகாட்டுதலாக வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அந்தப் படிக்கட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, இந்தச் சிக்கல் ஏன் வருகிறது என்று பார்த்தால், யாரோ ஒரு அதிகாரியின் கெட்ட மனசால் வருவது இல்லை. உரிமைச் சட்டம் போட்டது மத்திய அரசு, ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டதால் வந்த சட்டம். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு நிவாரணம் கொடுப்பது அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, 9ஆவது இனம். பணமும் அப்படித்தான். மத்திய அரசின் இந்திரா காந்தி ஓய்வூதியத் திட்டத்தில் வருவது மாதம் 300 ரூபாய், அதுவும் 80 சதவீதம் பாதிப்பு உள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான். மீதி எல்லாம் அந்தந்த மாநிலத்தின் கையிலிருந்து. அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் ஆளா என்று பார்த்துத்தான் கொடுக்கும். அது புரிகிறது. உரிமை நாடு முழுக்க, உதவி மட்டும் மாநிலத்துக்குள் என்று ஆகும்போது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எல்லை மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிற எங்கள் ஜனம்.

இத்தனைக்கும் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். கேரளாவிலும் 2025 நவம்பரிலிருந்து பென்ஷன் 2,000 ஆகிவிட்டது. பையன் மாறவில்லை, குறைபாடு மாறவில்லை, தொகையும் ஏறக்குறைய ஒன்று. அப்புறம் எதற்கு அந்த 11 மாதம்?

முடியாது என்று சொல்லாதீர்கள். அரிசிக்கு முடிந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் விரல் வைத்தால் எந்த மாநிலத்திலும் அரிசி வாங்கலாம், தமிழ்நாடும் கேரளாவும் இரண்டுமே அதில் இருக்கின்றன. இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி பேருந்து ஓட்ட ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதேபோல இதற்கும் ஒரு ஒப்பந்தம் போடட்டும் என்றுதான் கேட்கிறேன். ஒருவர் ஊர் மாறுகிறார் என்று தெரிந்தால், புது மாநிலத்தில் முதல் தவணை ஏறுகிற வரைக்கும் பழைய மாநிலம் நிறுத்தாமல் கொடுக்கட்டும், அப்புறம் கணக்கைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். யூ.டி.ஐ.டி. எண்ணைத் தட்டினால் இவர் யார், எத்தனை சதவீதம் என்று இரண்டு பக்கமும் தெரியும்போது, பிள்ளையை மறுபடி மேஜை முன்னால் உட்கார வைக்காதீர்கள். உட்கார வைத்தே ஆக வேண்டும் என்றால் அவன் படித்த மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள்.

எங்கள் அக்கா மகனோடு முடிகிற விஷயம் இல்லை இது. என் ஜீப்பில் வந்துகொண்டிருந்த ஒருவர் மேலே மிளகு பறிக்க ஏணியில் ஏறி விழுந்து தண்டுவடம் போய்விட்டது, இப்போது கம்பத்தில் படுத்த படுக்கை. வேலை செய்தது கேரளா, வீடு தமிழ்நாடு, அவர் மனைவி யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் நடந்தார். பார்த்துக்கொள்கிற அந்தப் பெண்ணும் இப்போது தோட்டத்துக்கு வருவதில்லை, வர முடியாது. அதிக ஆதரவு தேவைப்படுவோரைப் பராமரிப்பவருக்கு உதவித்தொகை என்று அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே இருக்கிறது, கேரளாவில் ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் கொடுக்கிறார்கள். ஒரு நாள் ஏலத்தோட்டக் கூலியைப் பார்த்தால் 600 என்பது எதற்கும் காணாது, இருந்தாலும் பார்த்துக்கொள்கிற பெண்ணின் உழைப்பையும் ஒரு வேலையாக எண்ணியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காக 'உரிமைகள்' என்ற திட்டம் நடக்கிறது, விழுதுகள் என்று சேவை மையங்கள் திறக்கிறார்கள், நல்ல காரியம். அதில் ஒன்றை எல்லைப் பேருந்து நிற்கிற இடத்தில், மலையாளம் தெரிந்த ஒரு ஆளோடு வையுங்கள். 18 வயது தாண்டிய பிள்ளைகள் பகலில் போய் உட்கார்ந்து கைவேலை செய்ய ஒரு இடம் கொடுங்கள். அதேபோல 2025இல் சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தார்களே, உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்குவது என்று, அந்த உறுப்பினர்களிடம் எங்கள் பகுதியில் முதல் கோரிக்கையாக இதைத்தான் வைக்கப்போகிறேன். சக்கர நாற்காலியில் வருகிற ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த மாடிப் படிக்கட்டைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

பையனுக்கு இப்போது 2,000 ரூபாய் வருகிறது. போகத்தான் இடம் இல்லை. காலையில் ஏழரைக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான், அக்கா கொஞ்ச நேரம் நிற்கவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போகிறாள். பழைய காலண்டர் தாளைக் கொடுத்தால் உறை ஒட்டுகிறான்.

ஒரு வேண்டுகோள் மட்டும். இந்தக் கடிதத்தைப் போட்டால் கேரளாவுக்குப் போகிற பதிப்பிலும் சேர்த்துப் போடுங்கள். வருகிற திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எடுத்துக்கொண்டு போகிறோம், பையனும் வருகிறான். கூடலூர், கம்பம் பக்கத்தில் இதே மாதிரி மேலிருந்து கீழே வந்து நிற்பவர்கள் அட்டை நகலோடு லோயர் கேம்ப் பேருந்து நிறுத்தத்துக்குக் காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். அன்றைக்குத் தோட்டத்துக்கு வண்டி எடுக்கவில்லை, ஜீப்பில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ஜீப் ஓட்டுநர்,
கூடலூர், தேனி மாவட்டம்.