கைகோத்தவை கைகலந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் நடந்த 1848 புரட்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாராளவாதமும் தேசியவாதமும் கைகோத்து மன்னர்களை ஆட்டிவைத்தன என்கிறார் கட்டுரையாளர். ஓய்வுபெறும்வரை வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்தினேன். ஹங்கேரிக்கு வந்தால் மட்டும் இடிக்கும். அந்த நாடு அப்போது வியன்னாவிலிருந்து ஆண்ட ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கீழ் இருந்தது.

தொடக்கம் என்னவோ அழகுதான். மார்ச் 15 அன்று பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) இளைஞர்கள் ஓர் அச்சகத்துக்குள் புகுந்தார்கள். தங்கள் 12 கோரிக்கைகளையும் கவிஞர் பெட்டோஃபியின் பாட்டையும் தணிக்கை அதிகாரியைக் கேட்காமலே அச்சடித்து, வெளியே நின்ற கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். முதல் கோரிக்கையே பத்திரிகைச் சுதந்திரம். ஏப்ரலில் வந்த சட்டங்கள் பண்ணையடிமை முறையை ஒழித்தன. சரி, இதுவரை கட்டுரையாளர் சொல்வது பொருந்துகிறது.

ஆனால் அதே சட்டங்களின்படி, ஹங்கேரிய மொழி தெரியாதவர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. அந்த நாட்டில் ஹங்கேரிய மொழி பேசியவர்களோ பாதிக்கும் குறைவு! குரோவாசியர், செர்பியர், ருமேனியர் எல்லாரும், 'உங்களுக்கு வியன்னாவிடமிருந்து உரிமை வேண்டும், எங்களுக்கு உங்களிடமிருந்து வேண்டாமா?' என்று கேட்டார்கள். ஹங்கேரியப் புரட்சியின் தலைவர் கொசூத் தனிமனித உரிமை தரத் தயாராக இருந்தார். தனி இனம் என்ற அங்கீகாரம் தர மனம் வரவில்லை. செப்டம்பரில் குரோவாசிய ஆளுநர் யெலாசிச் படையோடு திராவா ஆற்றைத் தாண்டி ஹங்கேரிக்குள் புகுந்தார். ஹாப்ஸ்பர்க் அரண்மனைக்கு வேறென்ன வேண்டும்?

சிறுபான்மை இனங்களுக்கு மொழி உரிமை தரும் சட்டம் செகெட் நகரில் நிறைவேறியது 1849 ஜூலை 28-இல். அதற்குள் ஆஸ்திரியாவுக்கு உதவ வந்த ரஷ்யப் படை நாட்டின் நடுவுக்கே வந்துவிட்டது. ஆகஸ்ட் 13-இல் விலாகோஷ் என்ற ஊரில் ஹங்கேரியப் படையினர் சரணடைந்தார்கள். இடையில் 16 நாள்தான். என்னைக் கேட்டால் அந்தப் புரட்சியின் பெரிய தவறு இந்தத் தாமதம்தான். ஒரு வருடம் முன்பே செய்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று சொல்லவில்லை, ரஷ்ய ஜார் சும்மா இருந்திருக்க மாட்டார். ஆனால் அக்கம்பக்கத்தாரோடு அத்தனை ரத்தம் சிந்தியிருக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று ஆரட் நகரில் ஆஸ்திரியா கொன்ற புரட்சிப் படையின் 13 தளபதிகளைக் கட்டுரை 'ஹங்கேரியர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அவர்களில் தம்யானிச் பிறப்பால் செர்பியர், லைனிங்கன் ஜெர்மானியர், கிஷ் ஆர்மீனிய வம்சாவளி. அடுத்த பகுதியிலாவது இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்