லெவலை வைத்துப் புதியவரை அளக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடும் இணைய ஆர்பிஜி விளையாட்டுகளைப் பற்றி உங்கள் இளையர் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் எதில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று பெற்றோருக்குப் புரியும்படி எழுதியிருந்தீர்கள், நன்றி. ஆனால் குறைந்த லெவலில் இருப்பவர் புதியவர், உச்ச லெவலைத் தொட்டவர் கைதேர்ந்தவர் என்று அதில் பிரித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஒரு தாதி. ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ விளையாட்டில், நம் வட்டாரத்துக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் டான்பெரி சர்வரில், பல ஆண்டுகளாக ஹீலராக ஆடுகிறேன். கூட வருபவர்களின் காயத்தை ஆற்றி அவர்களை உயிரோடு வைத்திருப்பதுதான் ஹீலரின் வேலை. யார் புதியவர் என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

முதலில் லெவல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லெவலைக் காசு கொடுத்து வாங்கலாம். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இன்னொரு விளையாட்டு 2014லேயே, ஒரு பாத்திரத்தை நேராக லெவல் 90க்கு ஏற்றிவிடும் வசதியை 60 அமெரிக்க டாலருக்கு விற்றது. நான் ஆடும் விளையாட்டிலும் லெவலைத் தாண்ட ஒன்று, கதையைத் தாண்ட ஒன்று என்று கடையில் தனித்தனியாக விற்கிறார்கள். வாங்கியவரின் திரையில் ஒரே நாளில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள் வந்து நிற்கும். எது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இந்த விளையாட்டில் ஒரே பாத்திரம் எல்லா வேலைகளையும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் லெவல் தனி. என் ஹீலர் இப்போதைய உச்சமான லெவல் 100இல் இருக்கிறார். அதே பாத்திரத்தின் கையில் வாளையும் கேடயத்தையும் கொடுத்தால் லெவல் 1இலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் எந்த எதிரி எப்போது திரும்புவான், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியுமே!

விளையாட்டைச் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. புதியவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன முளை இருக்கும். லெவல் ஏறியதும் அது போய்விடாது. குறிப்பிட்ட மணி நேரம் ஆடியிருக்கவும் வேண்டும், கதையில் குறிப்பிட்ட இடத்தைத் தாண்டியிருக்கவும் வேண்டும். நீண்ட நாள் விட்டுவிட்டுத் திரும்பி வருபவருக்குக் கூடத் தனிச் சின்னம் வைத்திருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சரி, புதியவரை எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது? அவர் எதைப் பார்க்கிறார் என்பதை வைத்து. லெவல் 15இல் சஸ்தாஷா என்று ஒரு டஞ்சன், அதாவது குழுவாகப் போய் எதிரிகளை முறியடிக்க வேண்டிய இடம், வரும். முன்னால் நின்று அடியைத் தாங்கும் டேங்க் ஒருவர், ஒரு ஹீலர், அடிப்பதற்கு இருவர் என நான்கு பேர் போக வேண்டும். தரையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் விழுந்தால் அங்கே அடி விழப்போகிறது என்று அர்த்தம், நகர வேண்டும். புதியவர் நகர மாட்டார். அவர் கண் தரையிலேயே இருக்காது. அழுத்திய பொத்தான் மறுபடி எப்போது தயாராகும் என்று கீழே இருக்கும் வரிசையையே பார்த்துக்கொண்டிருப்பார். டேங்க் புதியவர் என்றால், எதிரிகளைத் தன் பக்கம் இழுக்கும் ஸ்டான்ஸைப் போடாமலேயே முன்னால் ஓடுவார். நான் அவருக்கு ஹீல் போட்ட அடுத்த நொடி, எதிரிகள் மொத்தமாக என் மீது பாய்வார்கள். தனக்குப் பின்னால் இது நடப்பதைக் கவனிக்காமல் அவர் அடுத்த கூட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். ஹீலர் புதியவர் என்றால், எல்லாருடைய ஹெச்பியும், அதாவது உயிர் அளவும், முழுதாக இருக்கும்போதும் பதற்றத்தில் ஹீலைக் கொட்டிக்கொண்டே இருப்பார்.

எங்கள் வார்டில் முதல் வாரம் வேலை பார்க்கும் இளம் தாதியிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். கண் முழுக்க மானிட்டரில் இருக்கும், நோயாளியின் முகத்துக்குப் போகாது. யாரும் அவரைக் கெட்டிக்காரி இல்லை என்று சொல்ல மாட்டோம். பக்கத்தில் நின்று, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம்.

இப்போது இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது, கட்டுரையில் அதைப் பற்றி எதுவும் இல்லை. 2022க்குப் பிறகு, கதையில் வரும் டஞ்சன்களுக்குக் கணினிப் பாத்திரங்களையே துணைக்கு அழைத்துப் போகலாம். கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பாத்திரங்கள் கோபப்படாது, அவசரப்படாது, நாம் சொதப்பினாலும் பொறுத்துப்போகும். இப்படியே ஆடி லெவல் 50க்கு வந்த ஒருவர், கிரிஸ்டல் டவர் என்ற இடத்தில் மொத்தம் 24 மனிதர்களில் ஒருவராக நுழைய வேண்டியிருக்கும். லெவலும் இருக்கும், சட்டை கவசமெல்லாம் பளபளக்கும், முன்பின் மனிதர்களோடு ஆடிய பழக்கம் மட்டும் இருக்காது. நான் பார்த்தவரை, திட்டு வாங்குவது பெரும்பாலும் இவர்கள்தான். இவ்வளவு தூரம் வந்தும் இது தெரியாதா என்று கேட்கிறார்கள். எங்கிருந்து தெரிந்திருக்கும்?

ஒருமுறை ஒரு டேங்க் பையனை, பேச்சைப் பார்த்தால் பதின்ம வயது என்றுதான் தோன்றியது, மற்ற இருவரும் வாக்கெடுப்பில் வெளியேற்றப் பார்த்தார்கள். நான் மறுத்துவிட்டு, ஸ்டான்ஸைப் போடு தம்பி என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். போட்டான். மீதி டஞ்சன் சுகமாக முடிந்தது. அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்ய மற்ற இருவருக்கும் மனம் வரவில்லை என்பதில்தான் எனக்கு வருத்தம்.

எங்கள் சர்வரோடு சேர்ந்து ஆடும் ஜப்பானியர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புதிய இடத்துக்குள் நுழைந்ததும், இந்த இடத்தை இப்போதுதான் முதன்முறை பார்க்கிறேன் என்று எழுதிவிடுவார்கள். லெவல் 100 ஆட்களும் கூச்சமில்லாமல் எழுதுவார்கள். அப்படி முதன்முறை வருபவர் ஒருவர் குழுவில் இருந்தால், முடிவில் எல்லாருக்கும் கூடுதல் பரிசு கொடுக்கிறது விளையாட்டு. பழைய ஆட்கள் பழைய டஞ்சன்களுக்குத் திரும்பி வந்தால் தனிப் பரிசும் உண்டு. அவர்களின் லெவலும் அந்த இடத்துக்கு ஏற்பத் தற்காலிகமாகக் குறைக்கப்படும். இல்லையென்றால் புதிதாக வருபவருக்குக் கூட்டுச் சேர ஆளே கிடைக்காது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். இந்தத் தொடரின் அடுத்த பகுதியில், நம் இளையர்களில் சிலரிடம் நேரில் பேசி, முதன்முறை மற்றவர்களோடு சேர்ந்து ஆடியபோது யார் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், யார் விரட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெற்றோரும் பிள்ளையிடம் எந்த லெவல் என்று கேட்பதோடு நிறுத்தாமல், இன்றைக்கு யாரோடு ஆடினாய், எப்படி நடத்தினார்கள் என்று கேட்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்