17-ஆம் நம்பர் கேபிள்

தம்பி,

நேற்று லேப்பில் ஸ்டாக் எடுத்தோம். இந்த வருஷம் புதிதாக ஒரு கேபிள் டெஸ்டர் வந்திருக்கிறது. இரண்டு முனையையும் செருகினால் எந்தப் பின் எந்தப் பின்னோடு சேர்ந்திருக்கிறது என்று விளக்கு எரிந்து காட்டும். 16 மைக் கேபிள் ஒழுங்காக வந்தது. 17-ஐச் செருகினேன். 1-க்கு 1 எரிந்தது. 2-க்கு 3 எரிந்தது, 3-க்கு 2.

இரண்டு கனெக்டரையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு முனையில் 2-ஆம் பின்னில் வெள்ளை ஒயர், மறு முனையில் 2-ஆம் பின்னில் நீல ஒயர். ஈயம் பளபளவென்று பிடித்திருந்தது, குளிர்ந்த ஜாயின்ட் ஒன்றுகூட இல்லை. சிவப்பு ஸ்லீவ். லேப்பில் யார் சிவப்பு ஸ்லீவ் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும்.

அந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மத்தியானம் பீரோவைக் குடைந்து உன் இன்புட் ஷீட்டை, எந்தச் சானலில் எது என்று எழுதிவைக்கிற தாளை, எடுத்தேன். உன் கோழிக் கிறுக்கலில் 1 பாட்டு, 2 வயலின், 3 மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை, 4 இடப்பக்கமான தொப்பி, 5 சுருதிப் பெட்டி, மைக் இல்லாமல் நேராக இணைக்கிற டி.ஐ. பெட்டி வழியாக. நாலாவது வரியில் கேபிள் 17. மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் கட்டத்தில் டிக். அதற்குப் பக்கத்தில், ஒலியைத் தலைகீழாக்கும் போலாரிட்டி கட்டத்திலும் டிக்.

அன்று தேர்வில் வெளித்தேர்வாளர் உன் பதிவைக் கேட்டபோது தொப்பியின் 'தொம்' மெலிந்துபோனது. போலாரிட்டி பொத்தானை நீ அழுத்தவில்லை என்று சொல்லி மார்க்கைக் குறைத்தேன். "அழுத்துனேன் மேம்" என்று நீ சொன்னது ரெண்டே வார்த்தை. நான் நம்பவில்லை. அந்தத் தாள் அன்றைக்கும் இதே பீரோவில்தான் இருந்தது.

கொஞ்சம் பொறு. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நாலு வரி எழுதிவிடுகிறேன். நீ தாண்டிப் போய்விடு.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைக்கிறோம், இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி. வலந்தலையைத் தட்டினால் அந்தத் தோல் உள்ளே போகும். கூட்டுக்குள் அடைபட்ட காற்று தொப்பித் தோலை வெளியே தள்ளும். ஒரு மைக்கைப் பொறுத்தவரை தோல் விலகுகிறது, இன்னொன்றுக்கு நெருங்குகிறது. ஒரே அடி, ஒன்றில் மேல்நோக்கியும் மற்றதில் கீழ்நோக்கியும் பதிவாகும். இரண்டையும் கூட்டினால் கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் ஒரு சானலில் வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட பொத்தானை அழுத்தித் தலைகீழாக்க வேண்டும். எல்லோரும் அதை ஃபேஸ் பொத்தான் என்கிறார்கள். அது ஃபேஸ் இல்லை, போலாரிட்டி. ஃபேஸ் நேரத்தோடு வருவது: இரண்டு தலைக்கும் நடுவே சுமார் 60 செ.மீ., ஒலி அதைக் கடக்க 1.7 மில்லி செகண்ட். அந்தத் தாமதத்தை எந்தப் பொத்தானும் சரிசெய்யாது. அதனால்தான் தொம் முழுசாகக் காணாமல் போவதில்லை, சவலைப்பிள்ளை மாதிரி மெலிந்து நிற்கும்.

இப்போது உனக்கு.

பின் 2, 3 இடம் மாறிய கேபிளும் ஒரு போலாரிட்டி பொத்தான்தான், வெளியே தெரியாத பொத்தான். நீ மேலே ஒன்றை அழுத்தினாய், நான் உள்ளே ஒன்றைச் சால்டர் பண்ணி வைத்திருந்தேன். இரண்டு தலைகீழ் சேர்ந்து நேராகிவிட்டது. நேரானதுதான் தப்பு. நீ பாடத்தை மறந்து பொத்தானை விட்டிருந்தால் உன் பதிவு அருமையாக வந்திருக்கும்.

அப்படி வந்த ஒன்றும் இருக்கிறது. அதே வாரத்து இன்னொரு ஷீட்டில், அதே தொப்பிக்கு, அதே 17. போலாரிட்டி கட்டம் காலி. அந்தப் பதிவுக்கு என்ன மார்க் போட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை, இப்போது நல்ல வேலையில் இருக்கிறது.

இத்தனை வருஷம் எப்படி மாட்டாமல் இருந்தது என்று கேட்பாய். ஃபான்டம் 48 வோல்ட் 2-லும் 3-லும் சமமாகத்தான் போகிறது, மாறினாலும் மைக்குக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒலியை இரண்டு ஒயரில் எதிரெதிராக அனுப்பி பேலன்ஸ்டு லைன் இரைச்சலை அடிப்பதும் அப்படியே நடக்கும், 50 ஹெர்ட்ஸ் ஹம் வராது. ஒற்றை மைக் வைத்தால் காதுக்கு வித்தியாசமே கிடையாது. ஒரே ஒரு இடத்தில் தெரிந்திருக்க வேண்டும்: பாடகர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்கும்போது. எலும்பு வழியாக வரும் குரலும் ஹெட்போன் குரலும் எதிரெதிராக இருந்தால் தன் குரல் உள்ளீடற்றுப் போன மாதிரி இருக்கும். போன வருஷம் ஒரு பெண் "என் குரல் ஓட்டையா கேக்குது மேம்" என்றாள். ஹெட்போனை மாற்றிக் கொடுத்தேன். கேபிளை மாற்றவில்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதுவதற்கு முன்னால் ஒன்று. இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிற மோனோ பொத்தானை நீ அழுத்திப் பார்க்கவில்லை. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அன்று கன்ட்ரோல் ரூம் ஸ்பீக்கர் ஒன்று சர்வீஸுக்குப் போயிருந்தது, ஹெட்போனில்தான் மிக்ஸ் பண்ணினாய், தெரியும். இரண்டு மைக்கையும் இடது, வலது என்று பிரித்து வைத்தால் எதிர் போலாரிட்டி ஹெட்போனில் விரிந்து, பெரிதாக, ஆளை மயக்குகிற மாதிரிதான் கேட்கும். ஆனால் மோனோ பொத்தான் ஹெட்போனுக்கும் வேலை செய்யும். இரண்டு விநாடி. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகிற மல்ட்டிடிராக் என்றால் பிறகு ஒரு க்ளிக்கில் திருப்பிவிடலாம். அது நேரடி இரண்டு டிராக் பயிற்சி, பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஒன்றாக இறங்கிவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். மீடியம் வேவில் ஆகாசவாணி கேட்கிறவருக்கு இடது, வலது கிடையாது. செல்போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கிறவருக்கும் கிடையாது. வெளித்தேர்வாளர் மோனோவை அழுத்தியதும் தொம் மெலிந்ததே, அதை அவருக்கு முன்னால் நீ கேட்டிருக்க வேண்டும்.

சரி. இதைச் சொல்கிற உரிமை அந்த கேபிளைப் பற்ற வைத்தவளுக்கு இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பாதி இருக்கிறது.

அன்று அறையில் யார் யார் இருந்தார்கள், நான் எந்த வார்த்தையைச் சொன்னேன் என்பதை இங்கே திரும்ப எழுதவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். சொன்னது தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னதால் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். நீ கன்சோலைக் காட்டி நிரூபித்திருக்கவும் முடியாது. செஷன் முடிந்ததும் எல்லா ஃபேடரையும் இறக்கி, எல்லாப் பொத்தானையும் விடுவித்து, பூஜ்யத்தில் வைத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நீ கீழ்ப்படிந்ததால் உன் சாட்சி அழிந்தது.

அடுத்த செமஸ்டருக்கு நீ வரவில்லை. இந்த ஜூலையோடு 5 வருஷம். அந்த ஒரு மார்க்குக்காகப் போனாய் என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வீட்டு நிலைமையைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டேன், அதைப் பற்றிப் பேச இது இடமில்லை.

ஆனால் போன மாதம் நீ எழுதியது என் கண்ணில் பட்டது. "சவுண்ட் இன்ஜினியரிங் டிகிரி வேஸ்ட், ஸ்டூடியோவில் ஒரு வருஷம் கேபிள் சுருட்டினால் போதும்." கேபிள் என்ற வார்த்தையை வேண்டுமென்றே போட்டாயா? பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வருஷம் ஸ்டூடியோவில் நின்றால் கை பழகும், எங்கள் லேப்பில் நாலு வருஷத்திலும் பழகாத கை உண்டு. ஆனால் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது மறு பாதியையும் சொல்லு. தரமணி திரைப்படக் கல்லூரியில் சீட் கிடைக்கவில்லையே என்று எங்களிடம் வந்தவன் நீ. புனே, கல்கத்தா திரைப்படக் கல்லூரிகளில் ஒலிப்பதிவு படிக்கப் போனால் முதலில் கேட்பது ஒரு டிகிரி. இரண்டு வருஷத்தில் நிறுத்தியவனுக்கு அந்தக் கதவு மூடியே கிடக்கும்.

அந்தப் போஸ்டோடு உன் ரூம் படத்தையும் போட்டிருந்தாய். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. நாலு சுவரிலும் கறுப்புக் குச்சிமுனை ஃபோம், இரண்டு அங்குலம். மேசையும் நாற்காலியும் நட்டநடுவில். "பேஸ் பத்த மாட்டேங்குது, மிக்ஸ் வெளியே போனா கும்முனு இருக்கு" என்று கீழ் ஸ்தாயியைப் பற்றி யாரிடமோ புலம்பியிருந்தாய். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க மாட்டாய்தான்.

ரூம் அக்கூஸ்டிக்ஸ் ஐந்தாம் செமஸ்டர். நீ நாலோடு நின்றுவிட்டாய். அதை முதல் செமஸ்டரில் வைக்க வேண்டும் என்று நான் கத்தாத மீட்டிங் இல்லை. போகட்டும், இப்போது வைத்துக்கொள்.

உன் ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. ஸ்டூடியோவுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. பத்தடி என்றால் 3.05 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதியில் அறையே முழங்கும், அதற்கு மோடு என்று பெயர். நீளத்துக்கும் 56, அகலத்துக்கும் 56, உயரத்துக்கும் 56. மூன்று பேரும் ஒரே சுருதியில் நின்று கத்துகிறார்கள். அடுத்தது 112, அதற்கடுத்தது 169, அங்கேயும் மூன்று மூன்றாக. 14 அடி, 11 அடி, 9 அடி என்று அளவு கலைந்திருந்தால் இவை தள்ளித் தள்ளி விழுந்திருக்கும்.

நீ உட்கார்ந்திருக்கிற நட்டநடு இடத்தில் அந்த முதல் 56 ஹெர்ட்ஸ் மூன்று திசையிலும் ஏறக்குறையச் செத்துக் கிடக்கும். அங்கே உட்கார்ந்தால் பேஸ் கேட்காது. கேட்கவில்லையே என்று ஏற்றுவாய். வெளியே கார் ஸ்பீக்கரில் கும்மென்று வரும். உன் காதில் கோளாறு இல்லை. நாற்காலியை முன்சுவரிலிருந்து 3 அடி 9, 10 அங்குலத்துக்குக் கொண்டுவா. நீளத்தில் 38 சதவீதம், அதுதான் ஆரம்பப் புள்ளி. 40-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை சைன் டோனை மெதுவாக ஏற்றிக்கொண்டு, தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார். எங்கே குழி விழுகிறது என்று உனக்கே தெரியும். அளந்து பார்க்க ரூம் ஈக்யூ விஸர்ட் என்கிற மென்பொருள் இலவசம்.

இரண்டு அங்குல ஃபோம் 56 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. மேல் ஸ்தாயியை மட்டும் உறிஞ்சிவிடும். கை தட்டினால் போர்வைக்குள் தட்டின மாதிரி இருக்கும், கீழே முழக்கம் அப்படியே நிற்கும். பாதிக்கு மேல் கழற்றிவிடு. கணக்கு சின்னதுதான், சபைன் சூத்திரம்: 0.161 பெருக்கல் கன அளவு, வகுத்தல் வேண்டிய எதிரொலி நேரம், அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரம். வருவது தேவையான உறிஞ்சல். உன் ரூம் சுமார் 28 கன மீட்டர். 0.3 விநாடிக்குக் கொண்டுவர 15 சதுர மீட்டருக்குச் சமமான உறிஞ்சல் போதும். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 56 சதுர மீட்டர். அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல். சின்ன அறையில் கீழ் ஸ்தாயிக்கு இந்தக் கணக்கு சரிப்படாது, நடு ஸ்தாயிக்கு மேலேதான் நம்பலாம்.

கீழே இருக்கிறதுக்கு ராக்வூல் வாங்கு, பாறையை உருக்கி இழையாக்கின பஞ்சுப் பலகை. 48 கிலோ அடர்த்தி என்று கேள், கடையில் புரியும். நாலு அங்குலக் கனம், இரண்டடிக்கு நாலடி மரச்சட்டம், சுவரிலிருந்து இன்னும் நாலு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டு. முதலில் நாலு மூலை, தரையிலிருந்து கூரை வரை, குறுக்காக. எல்லா மோடும் மூலையில்தான் கூடும். அடுத்து ஸ்பீக்கரின் முதல் பிரதிபலிப்பு விழுகிற பக்கச்சுவர், அதற்கு மேல் கூரை. ஒருவனைக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல். நாற்காலியிலிருந்து ஸ்பீக்கர் தெரிகிற இடம்தான் அது. மேலே பருத்தித் துணி போடு. ரெக்சின் போடாதே, மேல் ஸ்தாயி அதில் பட்டுத் திரும்பிவிடும். வாயை வைத்து ஊது, காற்று மறுபக்கம் போனால் அந்தத் துணி சரி. பின்சுவரில் ஓரடி கனத்துக்கு அடைக்க இடம் இருந்தால் அதையும் செய், அந்த 56-இன் பிடி கொஞ்சம் தளரும். முழுசாகப் போகாது. கனசதுரம் கனசதுரம்தான்.

உன் மார்க்கை இனி மாற்ற முடியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஷீட்டில் தேதி போட்டு, "போலாரிட்டி சரியாக அழுத்தப்பட்டது, கேபிள் பிழை லேப்பினுடையது" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நகல் வேண்டுமென்றால் பழைய நம்பருக்குச் சொல், மாறவில்லை.

17-ஐ மறுபடி சால்டர் பண்ணவில்லை. பொத்தான் இல்லாத மிக்ஸரில் இப்படி ஒரு கேபிள் வேண்டியிருக்கும். இரண்டு முனையிலும் மஞ்சள் டேப் சுற்றி, தனி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

ராக்வூலை வெளியே மொட்டை மாடியில் வைத்து வெட்டு. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. உனக்குத் தூசி ஆகாது.

மேம்