இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு சாரம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போர்ட்ஃபோலியோ, அதாவது விண்ணப்பத்தோடு வைக்கும் உன் வரைபடத் தொகுப்பு, வந்து சேர்ந்தது. 32 பக்கம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து முழுதும் பார்த்தேன். அதற்குள் "எப்படி இருக்கு சித்தி?" என்று வாட்ஸ்அப்பில் மூன்று தடவை கேட்டுவிட்டாய். வாய்ஸ் நோட்டில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். பி.இ. சிவில் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஆர்க். என்கிற கட்டிடக்கலை முதுகலை படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அவ்வப்போது எனக்கு மெயில் போடுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை, பயப்படாதே.

முதலில் ஒரு பழைய பொய்யைத் திருத்திவிடுகிறேன். உன் அண்ணன் கல்யாணத்தில் உன் அம்மா என்னைச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் "என் தங்கச்சி, சிகாகோவில் ஆர்க்கிடெக்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். பட்டம் வாங்கி நாலு வருடம் ஆகியும் அப்போது என் விசிட்டிங் கார்டில் 'டிசைனர்' என்றுதான் இருந்தது. இங்கே மாநில அரசின் உரிமம் கைக்கு வரும்வரை 'ஆர்க்கிடெக்ட்' என்ற சொல்லைப் பெயரோடு போட்டுக்கொள்ள முடியாது. நம் ஊரிலும் 1972-ம் வருடச் சட்டப்படி கட்டிடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவருக்குத்தான் அந்தப் பெயர். கல்யாணப் பந்தியில் இதையெல்லாம் விளக்கவா முடியும்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எம்.ஆர்க். என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறார்கள். நம் ஊரில் பி.ஆர்க். ஐந்து வருடம் படித்தவர் மேற்கொண்டு இரண்டு வருடம் படிப்பது எம்.ஆர்க். அமெரிக்காவில் அதே பெயரில் தொழில்முறைப் பட்டம் ஒன்று இருக்கிறது. இளங்கலையில் எதைப் படித்தவரும் அதில் சேரலாம். நான் பி.எஸ்சி. இயற்பியல். என் வகுப்பில் ஒருத்தி ரஷ்ய இலக்கியம், இன்னொருவன் பேக்கரி நடத்திவிட்டு வந்தவன். படிப்பு மூன்று அல்லது மூன்றரை வருடம். என்.ஏ.ஏ.பி. என்கிற வாரியம் இந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் தருகிறது. பெரும்பாலான மாநிலங்களில் உரிமத்துக்கான நேர்வழி அந்த அங்கீகாரம்தான்.

இன்னொரு சரக்கு, ஏற்கெனவே பி.ஆர்க். முடித்தவர்களுக்கான மேல்படிப்பு. ஹார்வர்டில் இதை எம்.ஆர்க். ஒன்று, எம்.ஆர்க். இரண்டு என்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலாவதுதான் அங்கீகாரம் பெற்ற தொழில்முறைப் பட்டம். கொலம்பியாவில் மூன்று வருட எம்.ஆர்க். தனி, எம்.எஸ். தனி. உன் பட்டியலில் இருக்கும் ஏழு இடங்களில் இரண்டு இந்த எம்.எஸ். வகை. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்று சேர்த்திருப்பாய். ஆனால் உன் சிவில் பட்டத்தோடு அதையும் சேர்த்து எடுத்துப் போனால், பெரும்பாலான மாநிலங்களில் உரிமத்துக்கு மனு போடும் வரிசையிலேயே நிற்க முடியாது. அடித்துவிடு அந்த இரண்டையும்.

அடுத்து பணம். தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வருடக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டுகிறது. அதை மூன்றால் பெருக்கி வாடகை, சாப்பாடு, மாடல் செய்யும் பொருட்களையும் சேர்த்துக்கொள். படித்து முடித்ததும் உன் அண்ணன் ஐ.டி.யில் வாங்குகிற மாதிரி சம்பளம் இந்தத் தொழிலில் வராது. அம்மா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகும் முன் இதை அவளிடம் தெளிவாகச் சொல். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் போடு. வகுப்பு உதவியாளர் வேலையும் கட்டணச் சலுகையும் கிடைக்குமா என்று ஒவ்வொரு இடத்திலும் வாய்விட்டுக் கேள். சிவில் படித்திருப்பதால் ஸ்ட்ரக்சர்ஸ் பாடங்களில் ஒன்றிரண்டைத் தள்ளுபடி செய்வார்களா என்றும் கேட்டுப் பார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். விசாவுக்காக உனக்கு வரும் ஐ-20 படிவத்தில் பாடப்பிரிவுக்கு ஓர் எண் அச்சாகி இருக்கும். 04.0201 என்றால் வெறும் கட்டிடக்கலை. படித்த பின் வேலை செய்ய ஒரு வருட அனுமதிதான். 04.0902 என்றால் அது ஸ்டெம் என்கிற அறிவியல்-தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் வருகிறது. இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்கலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் அட்மிஷன் கிடைத்ததும் என்ன எண் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேள். ஊருக்குத் திரும்பித் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால், இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று டெல்லியில் கவுன்சிலுக்கும் எழுதி, பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பு.

சரி, போர்ட்ஃபோலியோவுக்கு வருகிறேன்.

விமான நிலையம், ஸ்டேடியம், வளைந்து வளைந்து போகிற கண்ணாடிக் கோபுரம். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு ரெவிட் என்கிற வரைகலை மென்பொருளில் செய்திருக்கிறாய், உழைப்பு தெரிகிறது. தேர்வுக் குழுவுக்கு இது வேண்டாம், பாப்பா. உனக்குக் கட்டிடம் வடிவமைக்கத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும்; அதைக் கற்றுக்கொடுக்கத்தானே மூன்று வருடம் கேட்கிறார்கள்? ஜன்னல் எங்கே, படிக்கட்டு எங்கே என்று கேட்டால் அந்தக் கோபுரத்தில் உனக்கே பதில் இருக்காது.

ஆனால் 27-ம் பக்கத்தில் நின்றுவிட்டேன். இன்டர்ன்ஷிப் போன சைட்டில் உன் நோட்டுப் புத்தகத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த, கட்டிட வேலைக்குக் கட்டும் சாரம். சவுக்குக் கம்பு ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் கயிறு எப்படிச் சுற்றி, எந்தப் பக்கம் முடிச்சு விழுகிறது என்று தனியாகப் பெரிதாக்கி வரைந்திருக்கிறாய். ஓரத்தில் "மேஸ்திரி சொன்னது: கயிறு நனைஞ்சா இறுகும்" என்று குறிப்பு. அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் போட்டிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல! அதுதான் முதல் பக்கம். அந்தச் சாரத்தை அளவோடு மறுபடி வரை. பலகை எங்கே, சித்தாள் சட்டியோடு எங்கே கால் வைக்கிறாள், ஒரு தளம் ஏறியதும் எந்தக் கம்பை அவிழ்த்து எங்கே கட்டுகிறார்கள், எல்லாம் வரட்டும். பத்துப் பக்கம் தாராளமாக ஓடும். என் போர்ட்ஃபோலியோவில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடை இருந்தது. கடைக்காரர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே எதையெல்லாம் எட்டி எடுக்கிறார் என்று அவர் கை நீளத்தை வைத்து வரைந்திருந்தேன். நேர்காணலில் அதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிறு எதற்கு என்று விளக்கவே பத்து நிமிடம் ஆனது.

நோக்கக் கட்டுரையில் "சிறு வயது முதலே" என்று தொடங்காதே. பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றை அந்த சைட் இன்ஜினியரிடம் வாங்க முடியுமா பார். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். கால்குலஸ், இயற்பியல், கட்டிடக்கலை வரலாறு என்று முன்பாடங்கள் கேட்கும் இடங்கள் உண்டு. முதல் இரண்டும் உனக்கு முடிந்தது, வரலாற்றுக்கு வழி பார்க்க வேண்டும்.

கிடைத்துப் போய்விட்டாய் என்று வைத்துக்கொள்வோம். படிப்பின் முதுகெலும்பு ஸ்டுடியோ என்கிற வடிவமைப்பு வகுப்பு. வாரம் மூன்று மதியம் வகுப்பு என்று அட்டவணையில் இருக்கும், நீ குடியிருப்பது அங்கேதான். ஆசிரியர் உன் மேஜைக்கு வந்து உட்கார்ந்து வரைபடத்தைப் பார்ப்பார். நீ மூன்று நாள் செய்ததன் மேல் மெல்லிய டிரேசிங் தாளை விரித்து வேறு ஏதோ கிறுக்குவார். போய்விடுவார். சரியா தப்பா என்று சொல்லவே மாட்டார். பரீட்சையில் 92 வாங்கிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய அடி. முதல் செமஸ்டரில் குளியலறையில் போய் அழுதிருக்கிறேன், உன் அம்மாவுக்கே தெரியாது.

செமஸ்டர் முடிவில் ஜூரி: வெளியிலிருந்து வருகிறவர்கள் முன்னால் நின்று உன் வடிவமைப்பை விளக்க வேண்டும். இரண்டாம் வருடம் சிகாகோவில் ஒரு மனையில் நாலு குடும்பங்களுக்கு வீடு. நான் நடுவில் முற்றம் வைத்தேன். நம் பாட்டி வீடு மாதிரி நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவே வானம். பாஸ்வுட் என்கிற மென்மரத்தில் மாடல் செய்து, இரண்டு ராத்திரி தூங்காமல், கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு போய் நின்றேன். முற்றத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். வந்திருந்தவர்களில் வயதான ஒருவர், ஊரிலேயே தொழில் செய்கிறவர், மாடலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஜனவரியில் இதற்குள் பனி கொட்டி நிற்கும். அதை எந்தக் கதவு வழியாக வெளியே அள்ளிப் போடுவாய்?"

கதவே இல்லை. வீட்டுக்குள் வழியாகத்தான் அள்ள வேண்டும். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே பதிலை எதிர்பார்த்து நின்றார். அங்கே மண் 42 அங்குல ஆழம் வரை உறையும் என்று கணக்கு வைத்துத்தான் அஸ்திவாரத்தை இறக்குகிறார்கள். அதை நான் பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். முற்றம் வரையும்போது மட்டும் மனதில் திருநெல்வேலி வெயில்தான் இருந்திருக்கிறது.

உனக்கு இந்த விஷயத்தில் ஒரு பலம் உண்டு. நீ கலவை போடுவதையும் கம்பி கட்டுவதையும் நேரில் பார்த்தவள். யேலில் 1967-லிருந்து முதல் வருட மாணவர்கள் ஒரு கட்டிடத்தை வடிவமைத்துத் தாங்களே கையால் கட்டுகிறார்கள். நெடுங்காலமாக அது நியூ ஹேவன் நகரில் யாராவது குடியேறப் போகும் ஒரு வீடு. உன் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொள், கிடைப்பது கஷ்டம் என்றாலும்.

பட்டமளிப்புக்கு அப்புறம் உள்ள கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3,740 மணி நேரம் பயிற்சி வேலை கணக்குக் காட்ட வேண்டும். வாரம் 40 மணி என்று வகுத்தால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் அதை ஆறு வகைகளில் பிரித்து நிரப்ப வேண்டும். நான் சேர்ந்த முதல் அலுவலகத்தில் ஒன்றரை வருடம் கழிப்பறை டைல்ஸ் வரைபடமே வரைந்தேன். கட்டுமானத் தள மணி நேரக் கட்டம் காலியாகவே கிடந்தது. வாய் திறந்து கேட்ட பிறகுதான் சைட்டுக்கு அனுப்பினார்கள். அதோடு ஆறு தேர்வுகள். ஒன்றில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். பட்டத்துக்கும் உரிமத்துக்கும் நடுவில் எனக்கு ஆறு வருடம் ஓடிவிட்டது. உரிமம் வந்த அன்று உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அதான் எப்பவோ ஆயிட்டியே" என்றாள்.

27-ம் பக்கத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சாரத்தில் போட்ட பலகையின் அகலத்தை நீ குறிக்கவில்லை. எட்டு அங்குலமா, பத்தா? நவராத்திரிக்கு ஊருக்கு வருகிறேன். அந்த மேஸ்திரி இப்போது எந்த சைட்டில் இருக்கிறார் என்று விசாரித்து வை. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி