இரவுப் பணி மருத்துவருக்கு மறுநாள் காலையையும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஆன்டிபயாடிக் மருந்துகள் தேவையின்றி எழுதப்படுவதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மருத்துவரின் அலட்சியத்தையோ நோயாளியின் அவசரத்தையோ குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, இரவில் அந்த மருந்தை எழுத வைப்பது பயம்தான். வீட்டுக்கு அனுப்பிய பிறகு நோய் முற்றிவிட்டால், இந்த நோயாளி திரும்பி வருவாரா என்ற பயம்.

அடைமழைக் காலத்தில், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிப் பேருந்தில் வந்து இறங்கும் தகப்பன், "ஊசி போட்டு அனுப்பிடுங்க சிஸ்டர், விடிஞ்சா வேலைக்குப் போகணும்" என்பார். குழந்தைக்கு மூக்கில் நீர் வடியும், தொண்டை லேசாகச் சிவந்திருக்கும், நெஞ்சில் சளிச் சத்தம் இராது. வைரஸ் காய்ச்சல் என்று பணி மருத்துவருக்கும் தெரியும். ஆனால் வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்க, சீட்டில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை எழுதிவிடுவார். குப்பியில் இருக்கும் வெள்ளைத் தூளில் நீர் ஏற்றிக் குலுக்கி, ஒவ்வாமை வருகிறதா என்று டெஸ்ட் டோஸ் பார்த்து, அந்த ஊசியை எத்தனை குழந்தைகளுக்கு நானே போட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. வைரஸை அந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்காதவை பெருகுவதற்குத்தான் அது இடம் கொடுக்கிறது.

முதியவர்கள் விஷயத்திலும் இப்படித்தான். விழுந்து இடுப்பில் அடிபட்டு வந்த மூதாட்டிக்கு வழக்கமான பரிசோதனையில் சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரிந்தால், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதப்படுகிறது. எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் கல்ச்சர் அறிக்கை இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறது. அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், எழுதிய மருத்துவரும் வேறு பணியில் இருப்பார். அறிக்கை கோப்பிலேயே கிடக்கும். பின்னொரு நாள் உண்மையான தொற்றுடன் அவர் வரும்போது, புதிய கல்ச்சர் அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே 'ரெசிஸ்டன்ட், ரெசிஸ்டன்ட்' (கட்டுப்படாது) என்று வரிசையாக வந்து நிற்கும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக 'லான்செட்' மருத்துவ இதழ் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டைப் படித்தபோது, என் கண்முன் வந்தது அந்தக் காகிதம்தான்.

அதற்காக, குறைத்து எழுதுங்கள் என்று வெறும் உத்தரவு போடுவதும் ஆபத்து. தொற்று ரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தம் சரிந்து வருபவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், இம்மருந்துகளை எழுதும்போது காரணத்தையும் கட்டாயம் குறிப்பிடுமாறு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல ஏற்பாடு, எல்லா மருத்துவமனைகளிலும் கேஸ் ஷீட்டிலேயே இதற்கென ஒரு கட்டம் அச்சிடப்பட வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் 'வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் தேவையில்லை' என்று துணிந்து எழுத மருத்துவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். இரவில் பார்த்த நோயாளி மறுநாள் புறநோயாளிகள் வரிசையில் நிற்காமல் வந்து காட்ட ஒரு தனி நேரம், விடாத வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் போன்றவை தெரிந்தால் உடனே வரச் சொல்லும் ஒரு தமிழ்ச் சீட்டு, கல்ச்சர் அறிக்கைகளைப் படித்து நோயாளியைத் தொலைபேசியில் அழைக்கப் பொறுப்பான ஒருவர் ஆகியவற்றைச் சுகாதாரத் துறை ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஏற்படுத்தித் தர வேண்டும்.

இது நடக்காத காரியமில்லை. என்னுடன் பணிபுரிந்த இளம் மருத்துவர் ஒருவர், ஊசி போடாமல் அனுப்பியவர்களின் தொலைபேசி எண்களை ஒரு நோட்டில் குறித்து வைத்து, காலையில் பணி முடிந்து கிளம்பும் முன் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்பார். அந்த மாதங்களில் செஃப்ட்ரியாக்சோன் குப்பிகளின் செலவு குறைந்ததை நான் எழுதிய ஸ்டாக் ரிஜிஸ்டரிலேயே பார்த்தேன். அவர் மாற்றலாகிப் போனதும் அந்த நோட்டும் நின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருச்சி.